திரைக்குப் பின்னே பல முகங்கள்: பி. ரம்லி வாழ்வும் ஒரு கேள்வியும்

பி. ரம்லி என்ற பெயரை அறியாத மலேசியர் இருக்க முடியாது. நோன்புப் பெருநாள் வந்தால் தொலைக்காட்சியில் அவர் படம் ஓடும். கல்யாண விருந்துகளில் அவர் பாட்டு ஒலிக்கும். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குள் நுழைந்த நம்மில் பலருக்கு, மலாய் நண்பர்களோடு சேர்ந்து சிரிக்கக் கிடைத்த முதல் பொதுச் சொத்தே அவருடைய பூஜாங் லாப்போக் நகைச்சுவைதான்.

அந்தக் கலைஞரின் வாழ்க்கையை இங்கே ஒரு கேள்வியோடு சேர்த்துப் பார்க்கலாம். பல இனத்தவர் வாழும் நாட்டில் திரைப்படம் எடுக்கும்போது, திரையில் யாருக்கு இடம் கிடைக்கிறது? கிடைக்கும் இடம் எப்படிப்பட்டது? இந்தக் கேள்வியை ரம்லி மேடை போட்டுப் பேசவில்லை. ஆனால் அவர் வாழ்க்கை முழுவதும் இதைச் சுற்றியே நடந்திருக்கிறது.

ஜார்ஜ் டவுன் பிள்ளை

1929ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் பினாங்கு ஜார்ஜ் டவுனில் அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் தெங்கு சக்கரியா. தந்தை தெங்கு ஞாக் பூத்தே சுமத்ராவின் ஆச்சே நிலத்திலிருந்து வந்தவர். தாயார் சே மா ஹுசேன் எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த் பகுதியைச் சேர்ந்தவர். பி. ரம்லி என்ற பெயரிலுள்ள முன்னெழுத்து தந்தையின் பெயரான பூத்தேயைக் குறிக்கும். மலாய்ச் சினிமாவின் மாபெரும் அடையாளமாக நாம் கொண்டாடும் மனிதரே கடல் கடந்து வந்த ஒருவரின் மகன்தான்.

அவர் வளர்ந்த நகரமும் அப்படித்தான். துறைமுகத்திலிருந்து சற்று நடந்தால் பள்ளிவாசல், மாரியம்மன் கோயில், சீனக் கோயில், தேவாலயம் எல்லாம் அடுத்தடுத்து வந்துவிடும். பினாங்கு மலாய்க்காரர்கள் ஆடிப்பாடும் போரியா, 19ஆம் நூற்றாண்டில் சென்னைப் படைப்பிரிவின் சிப்பாய்களோடு இங்கு வந்ததாகச் சொல்லப்படுகிறது. மலாய் நாடக மேடையான பங்சாவான், இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து இதே பினாங்கில் உருவானது. ஒருவருடைய கலை இன்னொருவருடைய வாசலில் வளர்வது இவ்வூருக்குப் புதிதன்று.

கம்போங் ஜாவா மலாய்ப்பள்ளி, பிரான்சிஸ் லைட் ஆங்கிலப்பள்ளி, பிறகு பினாங்கு ஃபிரீ பள்ளி என்று அவர் படிப்பு சென்றது. 1941 டிசம்பரில் ஜப்பானியரின் குண்டுகள் ஜார்ஜ் டவுன் மீது விழுந்தபோது அவருக்கு வயது 12. ஆட்சி மாறியதும் ஜப்பானியக் கடற்படைப் பள்ளியில் சேர்ந்து படித்தார். போர் முடிந்த பின் ஃபிரீ பள்ளியில் படிப்பைத் தொடர்ந்தார்.

படிப்பைவிட இசையே அவரை இழுத்தது. முதலில் உக்குலேலே, பின்னர் வயலின் என்று கற்றுக்கொண்டார். போருக்குப் பின் வானொலிப் பாட்டுப் போட்டிகளில் கலந்துகொண்டு, 1947இல் வட மலாயாவின் சிறந்த பாடகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மறு ஆண்டு புக்கிட் மெர்தாஜாமில் ஒரு நிகழ்ச்சியில் தாமே இயற்றிய 'அஸிஸா' பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது, கூட்டத்தில் இருந்த ஒருவர் அவரைக் கவனித்தார். அவர்தான் பி. எஸ். ராஜ்ஹன்ஸ்.

ஜாலான் அம்பாஸ்

ராஜ்ஹன்ஸ் இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர். 1934இல் சிங்கப்பூரில் எடுக்கப்பட்டு, முதல் மலாய்ப் படம் என்று குறிக்கப்படும் 'லைலா மஜ்னுன்' அவர் இயக்கியதே. ஷா சகோதரர்கள் என்ற சீன முதலாளிகள் சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸில் படப்பிடிப்புத் தளம் வைத்திருந்தார்கள். அவர்களுக்காகப் புதுமுகம் தேடி வந்தவர் 19 வயது ரம்லியை அழைத்துப் போனார். 1948 ஆகஸ்ட்டில் ரம்லி சிங்கப்பூர் சென்றார். அவ்வாண்டு வெளிவந்த 'சிந்தா' படத்தில் வில்லனாக நடித்ததோடு கதாநாயகனுக்குப் பின்னணியும் பாடினார்.

அந்தத் தளம் அன்று எப்படி இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். முதலாளி சீனர். நடிகர்கள் மலாய்க்காரர்கள். இயக்குநர் நாற்காலியில் இந்தியர்கள். ராஜ்ஹன்ஸுக்குப் பின் எஸ். ராமநாதன், எல். கிருஷ்ணன், பி. என். ராவ், கே. எம். பாஸ்கர், பணி மஜும்தார் என்று பலர் வந்தார்கள். பி. என். ராவ் அதற்கு முன்பே தமிழில் 'ரம்பையின் காதல்', 'பூலோக ரம்பை' போன்ற படங்களை இயக்கியவர். எல். கிருஷ்ணனோ நம்மூர்க்காரர் என்றே சொல்லலாம். தமிழ்நாட்டில் பிறந்து, பினாங்கில் வளர்ந்து, சென்னையில் சினிமாத் தொழில் கற்றுத் திரும்பியவர்.

1950இல் கிருஷ்ணன் இயக்கிய 'பக்தி' படத்தில்தான் ரம்லி முதன்முதலாகக் கதாநாயகன் ஆனார். தமக்குரிய பாடல்களைத் தம் குரலிலேயே பாடியும் நடித்தார். பினாங்கில் வளர்ந்த ஒரு தமிழ் இளைஞரும் பினாங்கில் பிறந்த ஒரு மலாய் இளைஞரும் சிங்கப்பூரில் சந்தித்து மலாய்ச் சினிமாவின் போக்கையே மாற்றினார்கள். தமிழ் மாணவர்களாகிய நாம் இந்தச் செய்தியைக் கேட்டதும் மார்பை நிமிர்த்திக்கொள்வது இயல்பு. ஆனால் கதை அங்கேயே முடிந்துவிடவில்லை.

யார் கதையை யார் சொல்வது?

அந்நாளைய மலாய்ப் படங்களில் பல, இந்தியப் படக் கதைகளை அடியொற்றி வந்தவை. உடை மலாய், பேச்சு மலாய், ஆனால் அழுகையும் ஆட்டமும் கதைப்பின்னலும் இந்தியா. படம் பார்த்த மலாய் எழுத்தாளர்களுக்கு இது உறுத்தலாக இருந்தது. 1950இல் சிங்கப்பூரில் தோன்றிய 'அசாஸ் 50' எழுத்தாளர் அமைப்பைச் சேர்ந்தவர்கள் இதை வெளிப்படையாகக் குறை கூறினார்கள். மலாய்க்காரரின் வாழ்க்கையை மலாய்க்காரரே சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

இந்த இடத்தில் நாம் சற்று நிதானிக்க வேண்டும். நம்மைப் பற்றிப் பிறர் எடுக்கும் படத்தில் நம் பேச்சும் வழக்கமும் தவறாக வந்தால் நமக்குக் கோபம் வருகிறது. அன்று மலாய்க்காரர்களுக்கு வந்ததும் அதே கோபம்தான். அப்போது கேமராவுக்குப் பின்னால் நின்றவர்கள் நம்மவர்கள் என்பது ஒன்றே வேறுபாடு. அவர்கள் திறமைசாலிகள், தொழில் கற்றுக் கொடுத்தவர்கள். அந்த நன்றி என்றும் உண்டு. ஆயினும் தொழில் தெரிந்தவர் என்பதால் மட்டுமே இன்னொருவர் வீட்டுக் கதை முழுவதும் தெரிந்துவிடாது.

1952இல் ஹாஜி மஹாடி என்பவர் 'பெர்மாத்தா டி பெர்லிம்பாஹான்' படத்தை இயக்கினார். மலாய்க்காரர் ஒருவர் இயக்கிய படம் என்ற வகையில் அது ஒரு தொடக்கம். அந்தக் கதவை அகலத் திறந்து வைத்தவர் ரம்லி. அதுவரை இந்திய இயக்குநர்களிடம் நடித்துக்கொண்டே, கேமராவை எங்கே வைக்கிறார்கள், காட்சியை எப்படி வெட்டுகிறார்கள் என்று பார்த்துக் கற்றவர், 1955இல் 'பெனாரெக் பெச்சா' படத்தைத் தாமே எழுதி இயக்கினார்.

தலைப்பின் பொருள் பெச்சா இழுப்பவன், அதாவது மூன்று சக்கர சைக்கிள் வண்டி ஓட்டுபவன். ஓர் ஏழை பெச்சாக்காரனுக்கும் பணக்கார வீட்டுப் பெண்ணுக்கும் இடையே மலரும் அன்புதான் கதை. ஜார்ஜ் டவுன் தெருக்களில் நாம் இன்றும் காணும் அந்த வண்டிக்காரர் அன்றைக்குக் கதாநாயகன் ஆனார். அரசர்களும் கனவான்களும் நிறைந்திருந்த திரையில் கூலி உழைப்பாளி ஒருவன் நடுவில் வந்து நின்றான்.

ஏழைக்கு ஓர் இடம்

அதன்பின் ரம்லியின் பத்தாண்டுகள் பொற்காலம். 1956இல் பணி மஜும்தார் இயக்கிய 'ஹங் துவா' படத்துக்கு இசையமைத்ததற்காக ஆசியத் திரைப்பட விழாவில் பரிசு. அதே இயக்குநரின் 'அனாக்கு சசாலி' படத்தில் தந்தையாகவும் மகனாகவும் இரு வேடங்களில் நடித்ததற்காக 1957இல் டோக்கியோவில் சிறந்த நடிகர் விருது. அங்கும் ஓர் உண்மை இருக்கிறது. ரம்லிக்கு அந்த நடிகர் விருதைப் பெற்றுத் தந்த படத்தை இயக்கியவர் ஒரு வங்காளி. தம் கதையைத் தாமே சொல்லும் உரிமை வேண்டும் என்பது வேறு, பிறரோடு சேர்ந்து வேலை செய்ய மாட்டேன் என்பது வேறு. ரம்லிக்கு முன்னது வேண்டியிருந்தது. பின்னதை அவர் ஒருநாளும் நினைத்ததாகத் தெரியவில்லை.

1957இல் 'பூஜாங் லாப்போக்' வந்தது. ரம்லி, எஸ். சம்சுடின், அசிஸ் சத்தார் ஆகிய மூவரும் வயது கடந்த பிரம்மச்சாரிகளாக வந்து நாட்டையே சிரிக்க வைத்தார்கள். 1960இன் 'அந்தாரா டுவா டர்ஜாட்' அரச குலத்துப் பெண்ணையும் கிராமத்து இசைக்கலைஞனையும் வைத்து, குலப்பெருமை எப்படி மனிதர்களை அழிக்கிறது என்று காட்டியது.

1962இன் 'இபு மெர்துவாக்கு' நம்மூருக்கு நெருக்கமானது. சிங்கப்பூரின் பணக்கார மாமியார் ஒருவர், இசைக்கலைஞன் காசிம் செலாமாட்டைக் காதலித்த குற்றத்திற்காகத் தம் மகளை வீட்டைவிட்டு அனுப்பிவிடுகிறார். இளம் தம்பதியர் பினாங்குக்கு வந்து வறுமையில் வாடுகிறார்கள். பிறகு மாமியாரின் சூழ்ச்சியால் மனைவி இறந்துவிட்டதாக நம்பி, அழுது அழுதே கண்பார்வை இழக்கிறான் காசிம். சிகிச்சையால் பார்வை திரும்பியதும் உண்மையை அறிந்து, தன் கண்களைத் தானே குத்திக்கொள்கிறான். இந்த முடிவை ஒருமுறை பார்த்தவர் எளிதில் மறக்கமாட்டார். 1963இல் டோக்கியோ விழாவில் பன்முகத் திறமையாளர் என்ற சிறப்பை இப்படம் அவருக்குப் பெற்றுத் தந்தது.

இப்படங்களில் எல்லாம் ரம்லி ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தார். சமுதாயம் மதிக்காத ஒருவனைக் கொண்டுவந்து, அவன் துயரத்தை நாம் உட்கார்ந்து கேட்கும்படி செய்தார். பெச்சாக்காரனுக்கும் பாட்டுக்காரனுக்கும் கிராமத்தானுக்கும் திரையில் அவர் கொடுத்தது முகத்தை மட்டும் அன்று. காதலிக்கவும் கோபப்படவும் அழவும் உரிமை கொடுத்தார்.

வாசலில் நிற்பவர்

ஆனால் வர்க்க வேறுபாட்டைக் கடந்த அந்தத் திரை, இன வேறுபாட்டை அவ்வளவு எளிதில் கடக்கவில்லை. 1961இல் வந்த 'செனிமான் பூஜாங் லாப்போக்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிரம்மச்சாரிகள் மூவரும் நடிகராகும் ஆசையில் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புத் தளத்துக்கே வருகிறார்கள். வாயிலில் அவர்களைத் தடுத்து நிறுத்துபவர் ஒரு சீக்கியக் காவலர். அந்தக் காட்சியைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. உள்ளே போனால் மேலாளராகவும் இயக்குநராகவும் வருபவர்கள் மலாய்க்காரர்கள்.

உண்மையான ஜாலான் அம்பாஸைக் கட்டி எழுப்பியவர்களில் சீன முதலாளிகளும் தமிழ், மலையாள, வங்காள இயக்குநர்களும் இருந்தார்கள். அந்தத் தளம் தன்னைத் தானே படம் எடுத்துக் காட்டியபோது இந்தியர் ஒருவர் வாசலில்தான் நிற்கிறார். இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. காவலர் பாத்திரம் அன்போடுதான் படைக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் பெரும்பாலான இந்திய இயக்குநர்கள் தளத்தைவிட்டுப் போயும் விட்டார்கள். ஆனாலும் நகைச்சுவைக்கு ஒரு நிமிடம் வந்து போவதும், கதையைத் தோளில் சுமந்து நடப்பதும் ஒன்றாகிவிடா. ரம்லி ஏழைக்குக் கொடுத்த அந்த இடத்தைப் பிற இனத்தவருக்கும் கொடுக்க இன்னும் சில ஆண்டுகள் ஆயின.

'கெரிமிஸ்'

இந்தச் சிக்கல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ரம்லி வானொலிப் போட்டியில் வென்ற அதே 1947இல், பிரான்சில் ஹென்றி ஜார்ஜ் க்ளூஸோ என்ற இயக்குநர் 'கே தெ ஓர்ஃபெவ்ர்' என்ற துப்பறியும் படத்தை எடுத்தார். கொலை ஒன்றை விசாரிக்கும் காவல் அதிகாரிதான் அதில் முக்கியப் பாத்திரம். பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் படைவீரராக இருந்து திரும்பிய அவர், அங்கிருந்து கொண்டுவந்த கறுப்பு நிறச் சிறுவனைத் தம் மகனாகத் தனியே வளர்க்கிறார். கதையில் அதற்கென்று விளக்கமோ நியாயமோ இல்லை. ஒரு தந்தை, ஒரு மகன், அவ்வளவுதான். போர் முடிந்து இரண்டே ஆண்டுகளான பாரிஸில் அது ஒரு சிறிய துணிச்சல். இருந்தும் அந்தச் சிறுவன் கதையின் ஓரத்தில்தான் நிற்கிறான். கொலைக்கும் விசாரணைக்கும் அவன் தேவைப்படவில்லை.

21 ஆண்டுகள் கழித்து ரம்லி அந்த ஓரத்தை நடுவுக்குக் கொண்டுவந்தார். 1964இல் அவர் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூருக்கு வந்து, உலு கிளாங்கிலிருந்த மெர்டேகா தளத்தில் வேலை செய்யத் தொடங்கியிருந்தார். அங்கே 1968இல் எடுத்த படம்தான் 'கெரிமிஸ்'. கெரிமிஸ் என்றால் தூறல். கமால் என்ற மலாய் ஓவியனும் லீலா என்ற இந்தியப் பெண்ணும் காதலிக்கிறார்கள். கமாலாக ரம்லியே நடித்தார். லீலாவாக நடித்தவர் சந்திரா சண்முகம். வெவ்வேறு சமயம், வெவ்வேறு இனம் என்பதால் இரு வீட்டாரும் எதிர்க்கிறார்கள். எதிர்ப்பை மீறி இணைந்தவர்கள் படும் பாடுதான் கதை.

மலாய்ப் படமொன்றில் தமிழ்ப் பெயருடைய நடிகை கதாநாயகியாக நின்றார். அவர் பாத்திரம் வாசலில் நிற்கவில்லை. வேடிக்கை காட்டிவிட்டுப் போகவும் இல்லை. காதலும் குடும்பமும் கண்ணீரும் உடைய மனுஷியாக வந்தது. அதோடு, தவறு ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதாகவும் ரம்லி காட்டவில்லை. இரு குடும்பங்களும் தத்தம் கௌரவத்தைப் பிள்ளைகளுக்கு மேலாக வைக்கின்றன.

படம் வெளிவந்த மறு ஆண்டு, 1969 மே 13ஆம் நாள், அதே கோலாலம்பூரில் இனக்கலவரம் வெடித்தது. ஒரு திரைப்படம் கலவரத்தைத் தடுத்திருக்கும் என்று நினைப்பது பேதைமை. ஆனால் வீட்டுக்குள்ளே புகைந்துகொண்டிருந்ததை ஒரு கலைஞன் ஓராண்டுக்கு முன்பே திரையில் வைத்துவிட்டான் என்பது பதிவாக வேண்டிய உண்மை.

இறுதி ஆண்டுகள்

கோலாலம்பூர் ரம்லிக்குக் கைகொடுக்கவில்லை. மெர்டேகா தளத்தில் வசதி குறைவு. பிற நாட்டுப் படங்கள் வண்ணத்தில் வந்துகொண்டிருந்தபோது அவர் கறுப்பு வெள்ளையிலேயே எடுக்க வேண்டியிருந்தது. இரசிகர்களின் சுவையும் மாறிவிட்டது. 1972இல் வந்த 'லக்சமானா டோ ரே மி' அவர் இயக்கிய கடைசிப் படமானது. 'ஆயர் மாத்தா டி கோலாலம்பூர்', அதாவது கோலாலம்பூரில் கண்ணீர் என்ற பெயரில் பாட்டொன்றுக்கு இசையமைத்தார். அதே பெயரில் படம் எடுக்கும் எண்ணமும் இருந்தது, அது நிறைவேறவில்லை.

1973 மே 29ஆம் நாள் மாரடைப்பால் அவர் காலமானார். வயது 44. அறுபதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர், முப்பதுக்கும் மேற்பட்ட படங்களை இயக்கியவர், இருநூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களை உருவாக்கியவர் வறுமையிலும் மனச்சோர்விலும் போய்ச் சேர்ந்தார். பாடகியான மனைவி சலோமாவே அவர் இறுதிக்காலத் துணை. புகழ் பிறகுதான் திரும்பி வந்தது. 1986இல் கோலாலம்பூரில் அவர் வாழ்ந்த வீடு நினைவில்லம் ஆயிற்று. 1990இல் டான் ஸ்ரீ பட்டம் வழங்கப்பட்டது. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சாலைகள் அவர் பெயர் தாங்கி நிற்கின்றன. ஜார்ஜ் டவுனில் அவர் பிறந்த வீட்டையும் நாம் போய்ப் பார்க்கலாம்.

நமக்கு என்ன?

'கெரிமிஸ்' விட்ட இடத்திலிருந்து பிறர் தொடர நெடுங்காலம் பிடித்தது. 2009இல் யாஸ்மின் அஹ்மாட் தம் 'டேலன்டைம்' படத்தில் மகேஷ் என்ற காது கேளாத தமிழ் இளைஞனைக் காதல் நாயகனாக வைத்தார். இரண்டு படங்களுக்கும் இடையே 41 ஆண்டுகள். 2015இல் சஞ்சய் குமார் பெருமாள் தோட்டத்தைவிட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதையை 'ஜகாட்' படமாக எடுத்தார். மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் படங்களை மொழிவாரியாகப் பிரித்து வைத்தது பெரும் சர்ச்சையானது. இறுதியில் சிறந்த மலேசியப் படம் என்ற விருது ஒரு தமிழ்ப் படமான 'ஜகாட்'டுக்கே கிடைத்தது. 1955இல் ஒரு மலாய் இளைஞர் தம் மக்களின் கதையைத் தாமே சொல்ல எழுந்ததற்கும், 2015இல் ஒரு தமிழ் இளைஞர் எழுந்ததற்கும் காரணம் ஒன்றே.

ரம்லி வாழ்க்கையிலிருந்து நாம் இரண்டு செய்திகளைச் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். மலாய்ச் சினிமாவை வளர்த்ததில் நம்மவர் பங்கு பெரிது. அது பாடநூலிலும் நினைவிலும் இடம்பெற வேண்டும். அதே வேளையில், பிறர் கதையை நாம் சொன்னபோது அவர்கள் அடைந்த மனக்குறையையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் குறையைப் புரிந்துகொண்டால்தான் நமக்கு ஓர் இடம் வேண்டும் என்று நாம் கேட்பதற்கு வலு வரும்.

நண்பர்களே, நம்மிடையே குறும்படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள், நாடகம் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கதையில் ஒரு மலாய்த் தோழரோ சீன அண்டை வீட்டுக்காரரோ வந்தால், அவரை வாசலில் நிறுத்திச் சிரிக்க வைத்து அனுப்பிவிடாதீர்கள். உள்ளே அழைத்து உட்கார வைத்து அவர் துயரத்தையும் கேளுங்கள். ஆச்சேயிலிருந்து வந்தவரின் மகனாக ஜார்ஜ் டவுனில் பிறந்த அந்தக் கலைஞர் 1968இல் லீலாவுக்குச் செய்தது அதைத்தான்.